கட்டற்ற தாள விளையாட்டுகள்

கட்டற்ற தாள விளையாட்டுகள் என்பவை, இசையின் தாளத்திற்கு ஏற்ப விசையையோ மிதிபலகையையோ தட்டி ஆடும் கணினி விளையாட்டுகளில், மூலநிரல் அனைவருக்கும் திறந்துவிடப்பட்டவை ஆகும். இவற்றுள் பெரும்பாலானவை நிறுவனங்களால் அல்லாமல், ஓய்வு நேரத்தில் நிரல் எழுதிய ஆர்வலர்களால் உருவாக்கப்பட்டவை. ஜப்பானியக் கேளிக்கைக்கூடங்களில் பிறந்த இவ்வகை விளையாட்டு, 1998 முதல் வீட்டுக் கணினிகளுக்கு வந்தது. ஸ்டெப்மேனியா, ஃபிரெட்ஸ் ஆன் ஃபயர், ஓசு ஆகியவை இதன் முக்கியப் படிகள். இவற்றின் வரலாறு மூன்று கேள்விகளைச் சுற்றி அமைகிறது. தாளத்தைக் கோப்பில் எப்படி எழுதுவது, திறந்த நிரலை வணிக வழக்குகளிலிருந்து எப்படிக் காப்பது, நிரல் திறந்திருந்தாலும் பாடல் யாருக்குச் சொந்தம் என்பவையே அவை. ஐந்து நடைகளைக் கொண்ட தமிழகத் தாள மரபுக்கு இம்மூன்றும் நேரடித் தொடர்புடையவை. திருப்புகழ்ச் சந்தத்தோடும் முத்துசுவாமி தீட்சிதரோடும் பிணைந்த திருத்தணியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை அத்தொடர்பை விளக்குகிறது.

முன்வரலாறு

1996 டிசம்பரில் ஜப்பானில் பிளேஸ்டேஷன் கருவிக்கு வெளியான 'பராப்பா தி ராப்பர்' நவீனத் தாள விளையாட்டின் தொடக்கமாகக் கருதப்படுகிறது. இதை வடிவமைத்த மசாயா மட்சுரா ஓர் இசைக்கலைஞர். 1997இல் கொனாமி நிறுவனம் 'பீட்மேனியா' என்னும் கேளிக்கைக்கூட இயந்திரத்தை வெளியிட்டது. ஐந்து விசைகளும் ஓர் இசைத்தட்டும் கொண்ட இதில், திரையின் மேலிருந்து இறங்கும் கோடுகள் அடிக்கோட்டைத் தொடும் நொடியில் ஆடுபவர் உரிய விசையைத் தட்ட வேண்டும். 1998இல் அதே நிறுவனத்தின் 'டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன்' வந்தது. விசைகளுக்குப் பதிலாக நான்கு அம்புக்குறிகள் கொண்ட மிதிபலகை இதில் இடம்பெற்றது. 2001இல் நாம்கோ நிறுவனம் ஜப்பானிய முரசை அடித்து ஆடும் 'டைகோ நோ டட்சுஜின்' விளையாட்டை வெளியிட்டது.

இந்த இயந்திரங்கள் விலை உயர்ந்தவை. ஜப்பானுக்கு வெளியே சில நகரங்களில் மட்டுமே கிடைத்தன. பாடல்களை நிறுவனமே தேர்ந்தெடுத்தது. தனக்குப் பிடித்த பாடலுக்கு ஆட விரும்பியவருக்கு வழி இல்லை. இந்த இரு தடைகளே வீட்டில் அமர்ந்து நிரல் எழுதியவர்களை இத்துறைக்குள் கொண்டுவந்தன.

பி.எம்.எஸ். கோப்பு முறை

1998இல் உராவ் யானே, என்.பி.கே. ஆகிய இரு ஜப்பானிய ஆர்வலர்கள் பீட்மேனியாவைப் போன்ற விளையாட்டைக் கணினியில் ஆடுவதற்காக ஒரு கோப்பு முறையை வகுத்தனர். அது பி.எம்.எஸ். எனப்பட்டது. எளிய எழுத்துக் கோப்பான இதை எந்தத் தொகுப்பானிலும் திறந்து எழுதலாம். ஒவ்வொரு வரியும் எத்தனையாவது தாளச்சுற்று, எந்த விசை என்பதைக் கூறிய பின், அந்தச் சுற்றில் ஒலிக்க வேண்டிய ஒலிகளை இரண்டிரண்டு எழுத்துகளாக அடுக்கும்.

இதன் சிறப்பு, சுற்றை எத்தனை பங்காகப் பிரிப்பது என்பதை எழுதுபவரிடமே விட்டதாகும். ஒரு வரியில் நான்கு இணைகள் இருந்தால் சுற்று நான்காகப் பிரியும். ஐந்து இருந்தால் ஐந்தாகவும், ஏழு இருந்தால் ஏழாகவும் பிரியும். வெவ்வேறு நிரலர்கள் இக்கோப்பைப் படிக்கும் விளையாட்டுகளைத் தனித்தனியே எழுதினர். அவற்றுள் பல கைவிடப்பட்டபோதும், அவற்றுக்காக எழுதிய கோப்புகள் வேறு நிரல்களில் தொடர்ந்து இயங்கின. திறந்த கோப்பு முறை ஒரு நிரலின் ஆயுளைத் தாண்டி வாழும் என்பதற்கு இது தொடக்கச் சான்று.

வரைகலைக் கருவிகள்

தாள விளையாட்டுக்கு வரைகலை இன்றியமையாதது. அம்புக்குறி திக்கித் திக்கி நகர்ந்தால் ஆடுபவரால் தாளத்தைப் பிடிக்க முடியாது. 1990களின் தொடக்கத்தில் முப்பரிமாண வரைகலை விலை உயர்ந்த பணிநிலையக் கணினிகளுக்கே உரியதாக இருந்தது. சிலிக்கான் கிராஃபிக்ஸ் நிறுவனம் 1992இல் ஓப்பன் ஜி.எல். என்னும் வரைகலை இடைமுகத்தை வெளியிட்டது. பிரையன் பால் என்னும் நிரலர் 1993இல் தம் ஓய்வு நேரத்தில் அதே இடைமுகத்தைப் பின்பற்றும் நூலகம் ஒன்றை எழுதத் தொடங்கினார். 1995இல் நிறுவனத்தின் இசைவுடன் அது 'மேசா' என்னும் பெயரில் வெளியானது. இன்று லினக்ஸ் கணினிகளின் வரைகலைக்கு அடித்தளமாக இருப்பது இந்த நூலகமே.

1998இல் சாம் லான்டிங்கா வெளியிட்ட எஸ்.டி.எல். நூலகம், திரை, ஒலி, விசைப்பலகை மூன்றையும் ஒரே முறையில் கையாள வழி செய்தது. 2000இல் பீட் ஷின்னர்ஸ் அதைப் பைத்தான் மொழியுடன் இணைத்துப் 'பைகேம்' ஆக்கினார். 2002இல் பிளெண்டர் முப்பரிமாண மென்பொருளின் மூலநிரலை விடுவிக்க 1,00,000 யூரோ பொதுமக்களிடமிருந்து திரட்டப்பட்டது, அது ஜி.பி.எல். உரிமத்தில் திறக்கப்பட்டது. இவ்வாறு, பணம் செலவழிக்காமல் விளையாட்டு எழுதுவதற்குத் தேவையான கருவிகள் பத்தாண்டுகளில் ஒன்றுசேர்ந்தன.

ஸ்டெப்மேனியா

2001இல் வெளியான ஸ்டெப்மேனியா, டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷனைக் கணினியில் ஆடுவதற்காகத் தொடங்கப்பட்டது. கிறிஸ் டான்ஃபோர்ட், கிளென் மேனார்ட் ஆகியோர் இதன் முதன்மை நிரலர்களுள் அடங்குவர். சி++ மொழியில் எழுதப்பட்ட இது எம்.ஐ.டி. உரிமத்தில் வெளியானது. ஆடுபவர் தன் பாடலைச் சேர்த்து, அதற்கான அம்புக்குறிகளைத் தானே எழுதிக்கொள்ள இதில் முடிந்தது. விரைவிலேயே இது ஒரு விளையாட்டின் போலி என்ற நிலையைக் கடந்து, பலவகைத் தாள விளையாட்டுகளைத் தாங்கும் பொறியாக வளர்ந்தது.

இதன் அடிப்படைச் சிக்கல் ஒலியையும் காட்சியையும் இணைப்பதாகும். விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும் திரையில் ஒரு படம் சுமார் 16.7 மில்லிவிநாடி நிற்கிறது. விநாடிக்கு 44,100 மாதிரிகள் கொண்ட ஒலியில், 1,024 மாதிரிகளைச் சேர்த்துவைக்கும் இடையகம் சுமார் 23 மில்லிவிநாடி தாமதத்தை உண்டாக்கும். திரையில் கடந்த படங்களை எண்ணி அம்பை நகர்த்தினால், கணினி சற்றுத் திணறினாலும் அம்பு பாட்டை விட்டு விலகிவிடும். எனவே தாள விளையாட்டுகள் ஒலியின் நிலையையே கடிகாரமாகக் கொள்கின்றன. ஒவ்வொரு படத்தை வரையும்போதும் பாடல் எந்த இடத்தில் ஒலிக்கிறது என்று கேட்டு, அதிலிருந்து அம்பின் இடம் கணக்கிடப்படுகிறது. எஞ்சும் தாமதத்தை ஆடுபவரே சரிசெய்துகொள்ள அளவீட்டு வசதி தரப்படுகிறது.

ஆடுபவரின் துல்லியமும் மில்லிவிநாடியில் அளக்கப்படுகிறது. ஸ்டெப்மேனியாவின் இயல்பு அமைப்பில், உரிய நொடிக்கு 22.5 மில்லிவிநாடி முன்னோ பின்னோ தட்டுவது மிக உயர்ந்த தரம். 45, 90, 135, 180 மில்லிவிநாடிகள் அடுத்தடுத்த எல்லைகள். அதற்கு அப்பால் தட்டுவது தவறியதாகக் கொள்ளப்படும்.

இன் தி குரூவ் வழக்கு

2004இல் அமெரிக்காவின் ராக்சர் கேம்ஸ் நிறுவனம் 'இன் தி குரூவ்' என்னும் கேளிக்கைக்கூட விளையாட்டை வெளியிட்டது. இதன் பொறி ஸ்டெப்மேனியா. எம்.ஐ.டி. உரிமம் வணிகப் பயன்பாட்டையும், மாற்றங்களை மூடிவைப்பதையும் அனுமதிப்பதால் இது சாத்தியமாயிற்று. ஜி.பி.எல். போன்ற உரிமமாக இருந்திருந்தால், மாற்றிய நிரலை இயந்திரத்தோடு பெறுபவருக்கு அதன் மூலநிரலையும் தர வேண்டியிருக்கும். ஆயினும் ஒரே நிரலர்கள் இரு பக்கமும் பணியாற்றியதால், வணிகப் பதிப்புக்காக எழுதிய மேம்பாடுகளில் பல திறந்த பதிப்புக்கும் திரும்பி வந்தன. ஆர்வலர்களின் நிரல், எந்த நிறுவனத்தின் இயந்திரத்தைப் பார்த்து எழுதப்பட்டதோ அதே நிறுவனத்தோடு கடைத்தளத்தில் போட்டியிட்டது இவ்வரலாற்றின் திருப்புமுனை.

2005 மே மாதம் கொனாமி டெக்சாஸ் மாநிலக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் ராக்சர் மீது வழக்குத் தொடுத்தது. 2006இல் வழக்கு உடன்பாட்டில் முடிந்தது. இன் தி குரூவின் உரிமைகள் கொனாமிக்குச் சென்றன. அவ்வரிசை நின்றுபோயிற்று.

ஆனால் அதன் அடியில் இருந்த பொறி நிற்கவில்லை. ஒருமுறை எம்.ஐ.டி. உரிமத்தில் வெளியான ஸ்டெப்மேனியா நிரலை எந்த உடன்பாட்டாலும் திரும்பப் பெற முடியாது. விளையாட்டின் பெயரும் படங்களும் பாடல்களும் கைமாறின. நிரல் பொதுவில் நின்றது. பிற்காலத்தில் அதிலிருந்து எட்டெர்னா, ஐ.டி.ஜி.மேனியா முதலிய கிளைகள் தோன்றின. எட்டெர்னா விசைப்பலகையில் ஆடுபவர்களுக்கானது. ஐ.டி.ஜி.மேனியா, பெயரிலேயே பழைய விளையாட்டின் நினைவைத் தாங்கி, மிதிபலகை ஆட்டத்தைத் தொடர்கிறது.

ஃபிரெட்ஸ் ஆன் ஃபயர், ஓசு

2005இல் வந்த 'கிட்டார் ஹீரோ' அமெரிக்காவில் பெரும் வெற்றி பெற்றது. மறு ஆண்டே பின்லாந்தின் அசெம்பிளி 2006 விழாவின் விளையாட்டு உருவாக்கப் போட்டியில் 'ஃபிரெட்ஸ் ஆன் ஃபயர்' முதலிடம் பெற்றது. அன்ரியல் வூடூ என்னும் சிறு குழு இதை எழுதியது. பைத்தான், பைகேம், ஓப்பன் ஜி.எல். ஆகிய கட்டணமற்ற கருவிகளே இதில் பயன்பட்டன. கிட்டார் வடிவக் கருவிக்குப் பதிலாக, சாதாரண விசைப்பலகையைக் கிட்டார் போல இரு கைகளில் ஏந்தி, ஒரு கையால் மேல்வரிசை விசைகளை அழுத்தி, மறு கையால் நுழைவு விசையை மீட்டி ஆட வேண்டும். தனிக் கருவி வாங்க இயலாதவருக்கும் விளையாட்டு எட்டியது. நிரல் ஜி.பி.எல். உரிமத்தில் இருந்ததால் ஃபோஃபிக்ஸ் என்னும் கிளை அதிலிருந்து வளர்ந்தது.

2007 செப்டம்பரில் ஆஸ்திரேலிய நிரலர் டீன் ஹெர்பர்ட் 'ஓசு' விளையாட்டை வெளியிட்டார். தொடக்கத்தில் மூடிய நிரலாக இருந்த இது பின்னர் சி-ஷார்ப் மொழியில் புதிதாக எழுதப்பட்டு எம்.ஐ.டி. உரிமத்தில் திறக்கப்பட்டது. படங்கள், ஒலிகள் முதலிய வளங்கள் மட்டும் வணிக நோக்கமற்ற பயன்பாட்டுக்கான தனி உரிமத்தில் வைக்கப்பட்டன. நிரலுக்கு ஓர் உரிமம், கலைப்பொருளுக்கு வேறோர் உரிமம் என்னும் இப்பிரிவு, இன் தி குரூவ் அனுபவத்திற்குப் பின் வந்த நிரலர்களுக்குத் தெளிவான முன்மாதிரி ஆயிற்று.

திருத்தணியின் தாள மரபு

திருத்தணி, திருவள்ளூர் மாவட்டத்தில் ஆந்திர எல்லையை ஒட்டிய மலைக்கோயில் நகரம். முருகனின் அறுபடை வீடுகளுள் ஐந்தாவதாகப் போற்றப்படுவது. ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த இது, ம.பொ.சிவஞானம் முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாக 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்துடன் இணைந்தது. இங்கு தமிழும் தெலுங்கும் அன்றாட வழக்கில் உள்ளன.

கர்நாடக இசை மும்மூர்த்திகளுள் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) தம் முதற்கீர்த்தனையைத் திருத்தணி மலையில் இயற்றினார் என்பது மரபு. மாயாமாளவகௌளை இராகத்தில் ஆதி தாளத்தில் அமைந்தது அக்கீர்த்தனை. அவருடைய 'குருகுஹ' முத்திரையும் இத்தலத்தோடு சேர்த்தே சொல்லப்படுகிறது.

15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அருணகிரிநாதர் திருத்தணி மீது பல திருப்புகழ்ப் பாடல்களைப் பாடியுள்ளார். திருப்புகழ் சந்தத்தால் ஆனது. அச்சுப் பதிப்புகளில் ஒவ்வொரு பாடலின் தலையிலும் 'தனன', 'தான', 'தத்த' போன்ற அசைகளால் ஆன சந்தக்குழிப்பு தரப்பட்டிருக்கும். சொற்களை நீக்கி, குறில் நெடில் வல்லொற்று ஆகியவற்றின் ஓட்டத்தை மட்டும் காட்டும் இக்குறிப்பு, பாடலின் தாளக்கட்டை எழுத்தில் பதிவு செய்யும் முறை. விளையாட்டுக் கோப்பில் அம்புக்குறிகளின் வரிசை செய்யும் வேலையும் அதுவே.

இப்பாடல்கள் இன்று கிடைப்பதற்கும் ஓர் ஆர்வலரே காரணம். நீதித்துறையில் பணியாற்றிய வ.த.சுப்பிரமணிய பிள்ளை, ஊர் ஊராக ஏட்டுச்சுவடிகளைத் தேடித் தொகுத்து, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருப்புகழை அச்சிடத் தொடங்கினார். அவருடைய மகன் வ.சு.செங்கல்வராய பிள்ளை இப்பணியைத் தொடர்ந்தார். தணிகை என்னும் திருத்தணியின் பெயரால் அவர் 'தணிகைமணி' என அழைக்கப்பட்டார். வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் திருப்புகழைப் பாடிப் பரப்பினார். ஆண்டுதோறும் டிசம்பர் 31 அன்று நடைபெறும் திருத்தணித் திருப்படித் திருவிழா அவர் தொடங்கியது. ஆண்டின் நாள்களைக் குறிப்பதாகக் கூறப்படும் 365 படிகளிலும் அடியார்கள் படிக்கொரு பாடலாகப் பாடி ஏறுகின்றனர்.

ஐந்து நடைகளும் கோப்பு முறைகளும்

கர்நாடகத் தாளத்தில் ஓர் அட்சரத்தைப் பிரிக்கும் முறை நடை எனப்படும். சொற்கட்டில் அவை பின்வருமாறு கூறப்படும்:

திசிரம் (3): தகிட
சதுசிரம் (4): தகதிமி
கண்டம் (5): தகதகிட
மிசிரம் (7): தகிடதகதிமி
சங்கீர்ணம் (9): தகதிமிதகதகிட

ஸ்டெப்மேனியா தன் கோப்பில் ஒரு தட்டை உள்ளுக்குள் 48 சம பகுதிகளாகப் பிரித்து வைக்கிறது. 48ஐ 3ஆலும் 4ஆலும் மீதியின்றி வகுக்கலாம். திசிரமும் சதுசிரமும் துல்லியமாக அமையும். 5, 7, 9 ஆகியவற்றால் வகுக்க முடியாது. கண்ட நடையில் ஒவ்வொரு அடியும் 9.6 பகுதிக்கு ஒருமுறை வர வேண்டும். கோப்பில் அது 10, 9, 10, 9, 10 என்னும் சமமற்ற இடைவெளிகளாக மாறுகிறது.

இந்தப் பிழை ஆட்டத்தைக் கெடுப்பதில்லை. நிமிடத்திற்கு 120 தட்டுகள் என்னும் வேகத்தில் ஒரு பகுதி சுமார் 10.4 மில்லிவிநாடி. கண்ட நடையில் மிகுதியான விலகல் 0.4 பகுதி, அதாவது சுமார் 4.2 மில்லிவிநாடி. மிசிர நடையில் அது சுமார் 4.5 மில்லிவிநாடி. இரண்டுமே 22.5 மில்லிவிநாடி எல்லைக்குள் அடங்குகின்றன; ஆடுபவர் அதை உணரமாட்டார்.

இழப்பு வேறிடத்தில் நேர்கிறது. 10, 9, 10, 9, 10 என்று இருக்கும் கோப்பைப் பின்னொருவர் திறந்தால், அது ஐந்தாகப் பிரிந்த தாளம் என்பதற்கு அதில் சான்று இராது. அம்புகளுக்கு அவை விழும் பிரிவைப் பொறுத்து நிறம் தரும் வழக்கமும் இதனால் பாதிக்கப்படுகிறது. திசிர அடிகளுக்குத் தனி நிறம் உண்டு. கண்ட நடையின் அடிகளோ இருவேறு நுண்பிரிவுகளில் சிதறி விழுவதால் ஒரே நடையாகத் தெரிவதில்லை. மிருதங்கம் கற்கும் மாணவருக்கு எது 'தகதகிட' என்று கண்ணால் காட்டுவதே நோக்கமானால், கோப்பு அதைக் காட்டத் தவறுகிறது. 48 என்னும் எண்ணைத் தேர்ந்தவர்கள் மேலை நடன இசையை மனத்தில் கொண்டிருந்தனர். அந்த இசைக்கு அது போதுமானது.

மற்ற முறைகள் இதில் வேறுபடுகின்றன. சுற்றை எழுதுபவர் விரும்பியபடி பிரிக்கும் பி.எம்.எஸ். கோப்பில் ஐந்து, ஏழு, ஒன்பது ஆகியவை இயல்பாகவே அமைகின்றன. ஓசு ஒவ்வோர் அடியையும் பாடல் தொடங்கிய பின் எத்தனையாவது மில்லிவிநாடி என்று முழு எண்ணில் எழுதுகிறது. அதில் விலகல் அரை மில்லிவிநாடியைத் தாண்டாது. ஆனால் நடை என்னும் கருத்து அடிகளில் எழுதப்படுவதில்லை. ஃபிரெட்ஸ் ஆன் ஃபயர் மிடி கோப்பைப் பயன்படுத்துகிறது. மிடியில் ஒரு தட்டை எத்தனை நுண்பகுதிகளாகப் பிரிப்பது என்பதைக் கோப்பே அறிவிக்கலாம். 3, 4, 5, 7, 9 ஆகிய ஐந்துக்கும் பொதுவான மிகச் சிறிய மடங்கு 1,260. ஒரு தட்டுக்கு 1,260 என்று வைத்தால் ஐந்து நடைகளும் பிழையின்றி அடங்கும். மிடி அதற்கு இடம் தருகிறது. திறந்த நிரலில் 48 என்னும் எண் ஒரு மாறிலி. மூலநிரல் கையில் இருப்பதால் அதை மாற்றிப் புதிய கிளை அமைக்க யாரிடமும் இசைவு பெற வேண்டியதில்லை. ஆனால் பழைய கோப்புகளும் பிற கிளைகளும் 48ஐ நம்பியிருப்பதால், மாற்றுபவர் அவற்றோடான ஒத்திசைவையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கர்நாடக இசையின் தாளத்தை ஒலிப்பதிவிலிருந்து கணினியே கண்டறியும் ஆய்வும் திறந்த முறையில் நடந்துள்ளது. ஐரோப்பிய ஆய்வுக் குழுமத்தின் நிதியுடன், பார்சலோனாவின் பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தில் சேவியர் செரா தலைமையில் நடந்த 'காம்ப்மியூசிக்' திட்டத்தில் (2011–2017) சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் பங்கேற்றது.

பாடலின் உரிமை

தாள விளையாட்டுகளில் நிரல் திறந்திருப்பது பாதி வேலை. பாடல் இல்லாமல் பொறிக்குப் பயன் இல்லை. ஆர்வலர்கள் பகிர்ந்த பாடல் தொகுப்புகளில் பல, உரிமை பெறாத வணிக ஒலிப்பதிவுகளைக் கொண்டிருந்தன. இதனாலேயே திறமூல வெளியீட்டாளர்கள் பாடல்களைச் சேர்க்காமல் பொறியை மட்டும் வழங்குவதும், இசையமைப்பாளரின் இசைவு பெற்ற சில பாடல்களை மட்டும் இணைப்பதும் வழக்கமாயின.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இன்படி, இசை, இலக்கியப் படைப்புகளுக்கான உரிமை, ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் வரை நீடிக்கும். ஒலிப்பதிவுக்கான உரிமை வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். இவ்விரண்டும் தனித்தனி. திருப்புகழும் தீட்சிதர் கீர்த்தனைகளும் பொதுவுடைமை. யாரும் பாடலாம், பதியலாம், விளையாட்டில் சேர்க்கலாம். ஆனால் சென்ற ஆண்டு ஒரு பாடகர் வெளியிட்ட திருப்புகழ் ஒலிப்பதிவைச் சேர்ப்பதற்கு இசைவு தேவை. பாடகரே தம் குரலைத் திறந்த உரிமத்தில் வெளியிட்டால் இந்தத் தடை நீங்கும். படித் திருவிழாவில் பாடும் ஒரு குழு தன் பாட்டைத் தானே பதிந்து அவ்வாறு வெளியிட்டால், சொல், சந்தம், குரல், நிரல் நான்கும் தடையின்றிப் பகிரத்தக்கவை ஆகும்.

திரையில் தமிழ் எழுத்து

தமிழ்ப் பாடலை விளையாட்டில் சேர்ப்பவர் சந்திக்கும் மற்றொரு சிக்கல் எழுத்து. யூனிகோடு தரத்தில் தமிழுக்கு 1991இலேயே இடம் கிடைத்தது. ஆனால் 'கெ', 'கே', 'கை' ஆகியவற்றில் உயிர்க்குறி கோப்பில் மெய்க்குப் பின்னும், திரையில் மெய்க்கு முன்னும் நிற்க வேண்டும். 'கொ' போன்றவற்றில் குறி இருபுறமும் பிரியும். கோப்பில் உள்ள வரிசையிலேயே எழுத்துகளை ஒட்டிச் செல்லும் எளிய வரைகலை நூலகங்கள் இவற்றை உடைத்துக் காட்டின. பாடலின் பெயரே சிதைந்து தோன்றியது. திருத்தணி போன்ற இருமொழிப் பகுதிக்குத் தேவையான தெலுங்கிலும் இதே நிலை. அங்கு கூட்டெழுத்துகளும் சேர்ந்துகொள்வதால் சிதைவு இன்னும் மிகுதி.

எழுத்துகளை முறைப்படி அடுக்கும் ஹார்ஃப்பஸ் என்னும் திறமூல நூலகம் இதற்குத் தீர்வானது. 2014இல் எம்.ஐ.டி. உரிமத்தில் திறக்கப்பட்ட காடோ விளையாட்டுப் பொறி, 2023இல் வந்த நான்காம் பதிப்பில் இந்நூலகத்தை இணைத்தது. எஸ்.டி.எல். நூலகத்தின் எழுத்துப் பகுதியும் இதை ஏற்றது. அதன் பின்னர் தமிழிலும் தெலுங்கிலும் பாடல் வரிகளைச் சிதைவின்றிக் காட்டுவது தனி நிரலருக்கும் எட்டும் வேலை ஆயிற்று.

தமிழ்நாட்டுச் சூழல்

சென்னையில் சி-டாக் நிறுவனம் 2007இல் 'பாஸ் லினக்ஸ்' இயங்குதளத்தை வெளியிட்டது. தமிழ்நாடு அரசின் மாணவர்களுக்கான விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் தொடங்கியது. தொடக்கக் கட்டக் கணினிகளில் விண்டோசுடன் பாஸ் லினக்சும் நிறுவப்பட்டிருந்தது. திருத்தணி அடங்கிய அதே மாவட்டத்தில், நிரல் எழுதத் தேவையான தொகுப்பிகளையும் வரைகலை நூலகங்களையும் செலவின்றி நிறுவிக்கொள்ளத்தக்க கணினி பள்ளி மாணவரின் வீட்டுக்கு இவ்வாறு வந்தது.

தமிழில் நிரல் கற்பதற்கான முயற்சிகளும் ஆர்வலர்களிடமிருந்தே எழுந்தன. பொறியாளர் முத்து அண்ணாமலை ஓய்வு நேரத்தில் உருவாக்கிய 'எழில்' என்னும் தமிழ் நிரலாக்க மொழி 2009இல் ஆய்வுக் கட்டுரை வழியே அறிமுகமாகி, பின்னர் திறமூலமாக வெளியானது. பைத்தானில் எழுதப்பட்ட இதில் தமிழ்ச் சொற்களாலேயே நிரல் எழுதலாம். 2012இல் தொடங்கிய 'கணியம்' மின்னிதழ் கட்டற்ற மென்பொருள் பற்றிய கட்டுரைகளைத் தமிழில் வெளியிட்டு வருகிறது.

மதிப்பீடு

கட்டற்ற தாள விளையாட்டுகளின் கால் நூற்றாண்டு வரலாற்றில், வணிக வரிசைகள் வழக்காலோ சந்தை மாற்றத்தாலோ நின்றபோது, திறந்த உரிமத்தில் இருந்த நிரலும் எளிய எழுத்துக் கோப்புகளும் எஞ்சின. திருப்புகழ் வரலாறும் இதற்கு ஒப்பானது. ஏட்டில் அடங்கிக் கிடந்த சந்தங்கள், ஓர் ஆர்வலர் தொகுத்து அச்சிட்டுப் பொதுவில் வைத்ததால் படிதோறும் பாடப்படும் நிலைக்கு வந்தன.

அதே வேளையில், ஒரு கோப்பு முறை எந்த இசையை முன்வைத்து அமைக்கப்பட்டதோ அந்த இசையையே நன்கு பதிகிறது. 48 பகுதிகள் கொண்ட தட்டு கண்டத்தையும் மிசிரத்தையும் ஒலிக்கச் செய்யும். அவை கண்டம், மிசிரம் என்பதை நினைவில் வைத்திருக்காது. 1,260 பகுதிகள் கொண்ட தட்டு அதையும் செய்யும். பொறி, கருவிகள், எழுத்து, பொதுவுடைமைப் பாடல் ஆகியவை ஏற்கெனவே கிடைப்பதால், தமிழ்த் தாள மரபுக்கு உரிய விளையாட்டை அமைக்க முனையும் நிரலர் முதலில் முடிவு செய்ய வேண்டியது அந்த எண்ணையே.